ஐம்பது டிகிரி வரை

முதல் அநியாயம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில். அப்பாவைத் தோல் பதனிடுகிற ஷாப்பின் சுண்ணாம்புக் குழியிலிருந்து கொக்கி போட்டு இழுத்தார்கள். குடித்துவிட்டு விழுந்தான் என்று எழுதிக்கொண்டார்கள், கள் வாசனைக்கே குமட்டுகிற மனிதரை. இரண்டாவது எழுபத்தாறில். கையுறை கேட்டுப் போன பதினாறு பேரில் பதினைந்து பேரை மன்னித்து என்னை மட்டும் வெளியே தள்ளினார்கள், என் டிபன் பாக்ஸைப் பின்னாலேயே விட்டெறிந்தார்கள், சோறு தார் ரோட்டில் சிதறியது. மூன்றாவது எண்பத்தொன்றில், ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கக் காவல் நிலையத்தில், மூன்று நாள். நான்காவது தொண்ணூற்றிரண்டில். ஷூ கம்பெனி வேலைநிறுத்தத்தின் நாற்பத்தோராம் நாள் லாரியில் வந்து இறங்கிய ஆட்கள் சங்க அலுவலகத்தைக் கொளுத்தினார்கள், சைக்கிள் செயினால் என் இடது தோள் எலும்பை உடைத்தார்கள். அது கோணலாகத்தான் கூடியது, இன்றும் சட்டை மாட்டும்போது குத்துகிறது. ஐந்தாவது தொண்ணூற்றெட்டில். என் தோழர்களே என்னைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள், நான் எழுதக் கற்றுக்கொடுத்த வாக்கியங்களை வைத்தே. ஆறாவது இன்று காலை பதினொன்றேகால் மணிக்கு, பொறியியல் கல்லூரியின் இந்த ஆய்வுக்கூடத்தில், பேத்தி வயதுள்ள ஒரு பெண் என் சட்டைப் பையின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டியது. அதில் 'நார்மல் 5' என்று எழுதியிருக்கிறது. அரசாங்கம் என்னைத் தீவிரவாதி என்றது, முதலாளி ரவுடி என்றான், கட்சி ஓடுகாலி என்றது, பெற்ற தாய் கூட விளங்காதவன் என்றாள். அறுபத்தெட்டு வருஷத்தில் ஒருவருக்கும் என்னை நார்மல் என்று சொல்லத் தைரியம் வந்ததில்லை. ஸ்டிக்கரின் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது. பிய்த்து எறிய விரல் போகிறது. போன விரலைத் திரும்ப மடியில் வைக்கிறேன், ஏனென்றால் எதிர் நாற்காலியில் அமுலு உட்கார்ந்திருக்கிறாள், அமுலுவுக்காகத்தான் நான் நார்மலாக வந்திருக்கிறேன்.

அமுலு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பேஸ்டிங்கில் இருந்தவள். ஷூவின் மேல் தோலையும் அடிப்பாகத்தையும் ஒட்டுகிற பசை, அதை இந்த ஊரில் எல்லோரும் சொல்யூஷன் என்பார்கள், அதை வெறும் விரலால் தடவித் தடவி, அதன் ஆவியை மூடிய அறையில் குடித்துக் குடித்து, முதலில் அவளுக்கு விரல் நுனி போனது, பிறகு பாதம் போனது. பாதம் இருக்கிறது, அதில் அவள் இல்லை. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் மார்க்கெட்டிலிருந்து வீடு வரை நடந்து வருவாள். போன தை மாதம் அடுப்பிலிருந்து தெறித்த கங்கு ஒன்றை மிதித்துக்கொண்டே நின்று அரிசி களைந்திருக்கிறாள்; கருகுகிற நாற்றம் வந்து, எந்த வீட்டில் கறி தீய்கிறது என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். அவளைப் போல இன்னும் பதினோரு பேர். நஷ்டஈட்டு வழக்கில் கம்பெனி சொன்ன பதில் ஒரே வரி: வயதானால் எல்லோருக்கும் கால் மரத்துப்போகும். அந்த ஒரு வரியை எழுதியவனின் விரல்களை ஒவ்வொன்றாகக் கதவிடுக்கில் வைத்துச் சாத்த வேண்டும், சுண்டுவிரலில் தொடங்கி, அவசரமில்லாமல். ஆனால் அந்த வரிக்குப் பதில் சொல்ல இந்தப் பிள்ளைகளிடம் ஒரு கருவி இருக்கிறது. தஸ்லீமா, ஹரீஷ்வரன், கடைசி வருஷம். தலைக்குத் தேய்க்கிற பிரஷ் மாதிரி ஒரு கைப்பிடி, அதன் முகத்தில் பழைய எட்டணா அளவுக்கு ஒரு தகடு. தகடு முப்பத்திரண்டு டிகிரியில் தொடங்கும், நொடிக்கு ஒன்றாக ஏறும், ஐம்பதைத் தொட்டால் தானே நின்றுவிடும். சூடு எந்த இடத்தில் தெரிகிறதோ அந்த எண்தான் நரம்பின் கணக்கு. முதலில் ஒரு பட்டன் வைத்திருந்தார்களாம், சூடு தெரிந்ததும் ஆளே அமுக்கிக்கொள்ள. அமுலு கையில் கொடுத்ததும்தான் புத்தி வந்திருக்கிறது. பட்டன் விரலுக்குக் கீழே இருக்கிறதா இல்லையா என்றே அவளுக்குத் தெரியவில்லை. அதனால் இப்போது வாயால் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. சுடுது. அதைச் சொன்னதும் ஹரீஷ்வரன் கம்ப்யூட்டரில் நிறுத்துவான். பசையைத் தொடாத, அதே வயதுடைய ஐந்து பேரை முதலில் சோதிக்க வேண்டும், பிறகு பன்னிரண்டு பேரையும் அதே கருவியால் சோதிக்க வேண்டும், இரண்டு தரப்பும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று தொழிலாளர் அலுவலகம் உத்தரவு போட்டது. அந்த அலுவலகத்து அம்மா மேஜை முனையில் ஃபைலோடு உட்கார்ந்திருக்கிறார், பெரிய குங்குமம், சிறிய கையெழுத்து. ஆளுக்கு மூன்று அளவு, அதன் சராசரி, நாங்கள் ஐந்து பேரும் சொல்கிற எண்தான் அளவுகோல். நால்வர் முடித்துவிட்டார்கள். ஒரு தபால்காரர், இரண்டு ஆசிரியைகள், ஒரு பூக்கடைக்காரர், எல்லோரும் முப்பத்தொன்பது நாற்பதிலேயே வீல் என்றார்கள்.

"தஸ்லீ, போன தடவை ரொம்ப அழுத்திட்ட. ஸ்பிரிங் டிக்குன்னு சொன்னதும் கையை அப்படியே வை," என்கிறான் ஹரீஷ்வரன். "நீ உன் கம்ப்யூட்டரைப் பாருடா, கையை நான் பார்த்துக்கறேன். முதல் தடவை செஞ்சப்போ உன் கையைத்தானே சுட்டோம், அதுலேருந்து பயந்து சாவுறான், ஐயா, பாருங்க." அவன் முழங்கைக்குக் கீழே வட்டமாக ஒரு தழும்பு, பிள்ளைகள் அதை ஏதோ பதக்கம் மாதிரி காட்டிக்கொள்கிறார்கள். எனக்கு இவர்களைப் பிடித்திருக்கிறது, பிடித்திருப்பது எரிச்சலாக இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்பு. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததே துண்டுப் பிரசுரத்தில்தான், பூனை என்று படிப்பதற்கு முன்னால் சுரண்டல் என்று படித்தவன் நான். இவர்கள் படித்த புத்தகத்தில் சுரண்டல் என்ற சொல்லே இருக்காது, ஆனாலும் நாற்பது வருஷத்தில் எங்கள் ஒரு பிரசுரமும் செய்யாததை எட்டணாத் தகட்டால் செய்யப் பார்க்கிறார்கள். சுவரோரம் அவன் நிற்கிறான். கம்பெனியின் பர்சனல் மேனேஜர் வரதராஜுலு, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. தொண்ணூற்றிரண்டில் அந்த லாரியின் முன் சீட்டில் இறங்காமல் உட்கார்ந்திருந்தவன், அப்போது சின்ன வயசு, மீசை கூடச் சரியாக வரவில்லை. உள்ளே வந்ததுமே, "என்ன தோழரே, இன்னும் இருக்கீங்களா? உங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஆயுசு கெட்டி," என்றான். "உங்களை வழியனுப்பிட்டுப் போகலாம்னு இருக்கேன்," என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், அவன் சிரிப்பில் பல் மட்டும்தான் தெரியும். தஸ்லீமா என் வலது காலைத் தூக்கி ஒரு ஸ்டூலின் மேல் வைக்கிறாள், ஈரத்துணியால் புறங்காலைத் துடைக்கிறாள். என் காலை அப்படி ஒருவர் தொட்டு எவ்வளவு காலமாயிற்று. "லேசா தெரிஞ்சாலே போதும், ஐயா. வலிக்கிற வரைக்கும் இருக்க வேண்டாம். தெரிஞ்ச உடனே சொல்லிடணும். சரியா?" சரி என்கிறேன். டிக். தகடு உட்கார்ந்துவிட்டது. முதலில் வெயிலில் நின்ற ஈ ஒன்று காலில் உட்கார்ந்த மாதிரி. அப்புறம் அது ஈ இல்லை. தெரிகிறது, நன்றாகத் தெரிகிறது, சொல்ல வேண்டும், வாயைத் திறக்கிறேன், திறந்த வாய்க்கு நேராக வரதராஜுலுவின் முகம் இருக்கிறது, கொஞ்சம் சாய்ந்து, கேட்பதற்குத் தயாராக, மேல் பல் தெரிய. வாய் மூடிக்கொள்கிறது. நான் மூடவில்லை. ஏறுகிறது. இப்போது ஒரு காசைச் சுட்டு வைத்த மாதிரி, இப்போது தோலுக்கு அடியில் ஒரு திரி பற்றிக்கொண்ட மாதிரி, பல்லைக் கடிக்கிறேன், கடித்த பல் என்னைப் பற்றிய பழைய பிரசுர வாக்கியம் ஒன்றைக் கடித்துக்கொண்டிருக்கிறது, மூன்று நாள் சித்திரவதையிலும் ஒரு சொல் உதிர்க்காத தோழர் பூபாலன், மூன்று நாள் சித்திரவதையிலும் ஒரு சொல். கருவி கீச்சென்று கத்தி நிற்கிறது. "ஐம்பது," என்கிறான் ஹரீஷ்வரன். தஸ்லீமா சத்தமாகச் சொல்ல வேண்டும், விதி அது, இரண்டு தரப்பும் கேட்க: "நார்மல் ஐந்து, முதல் அளவு, ஐம்பது. உணரவில்லை." சுவரோரமிருந்து ஒரு மெல்லிய இருமல். "பார்த்தீங்களா மேடம். இவர் எங்க கம்பெனிப் பசையை மோந்து கூடப் பார்த்ததில்லை. இவருக்கே ஐம்பது. வயசு, மேடம். எல்லாம் வயசுதான்."

ஐந்து பேரின் அளவில் ஒன்று ஐம்பது என்றால் அளவுகோலே ஆடிவிடும். எனக்குக் கணக்கு வராது என்று நினைத்தால் தப்பு, பிரசுரம் எழுதுகிறவனுக்குச் சதவீதம் வந்தாக வேண்டும். நான் சொல்லாத ஒரு வார்த்தை பன்னிரண்டு பேரின் காலை வயதான கால் ஆக்கிவிடும். அந்த இருமலுக்காகவே எழுந்து போய் அவன் தலையைப் பிடித்து ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குள் கொடுத்து, ஷூவின் அடிப்பாகத்தை அழுத்துவது போல ஒரே அழுத்து, பக்கவாட்டில் பிதுங்குவதைக் கத்தியால் சீவி எடுத்து. இப்படி யோசிப்பது சுகமாக இருக்கிறது. இந்தச் சுகத்தில்தான் வருஷங்கள் போயின. "ஐயா, நிஜமா ஒண்ணுமே தெரியலையா?" தஸ்லீமா குனிந்து என் காலைப் பார்க்கிறாள், வட்டமாகச் சிவந்திருக்கிறது. "சர்க்கரை இருக்கா உங்களுக்கு?" இல்லை. "ஒருவேளை தகட்டுல கோளாறோ?" "கோளாறெல்லாம் இல்ல, இதோ," என்று ஹரீஷ்வரன் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்க்கிறான், "சுடுது சுடுது," எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான், மூச்சு விடுவது போல, கொட்டாவி போல. இரண்டாவது முறை. டிக். வெயில் ஈ. இந்த முறை வரதராஜுலுவைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடுகிறேன். கண்ணை மூடினால் மனசு எண்பத்தொன்றுக்குப் போய்விடுகிறது. அந்தக் காவல் நிலையத்தின் பின்கட்டில் ஒரு கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டரின் ஈரம் காயாத காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கரி போட்ட பித்தளைப் பெட்டி, மூடியில் சேவல் கொண்டை. இன்ஸ்பெக்டர் பனியனோடு சட்டைக்காகக் காத்துக்கொண்டு நின்றார், காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருக்க முடியாத மனிதர். பிரசுரத்தை எங்கே அச்சடித்தாய் என்று இரண்டு நாள் கேட்டுச் சலித்துப்போயிருந்தார், உள்ளங்காலில் அடித்து அடித்துக் கம்பும் பிளந்திருந்தது. மூன்றாம் நாள் அவர் அதைக் கேட்கவேயில்லை. இஸ்திரிப் பெட்டியை வாங்கி, தரையில் கட்டிப்போட்டிருந்த என் புறங்காலுக்கு ஒரு விரல்கடை மேலே பிடித்தார். தொடவில்லை. "பேரும் வேணாம் ஊரும் வேணாம். சுடுதுன்னு சொல்லு, எடுத்துடறேன். அவ்ளோதான்." நான் சொல்லவில்லை. எடுத்தார், மறுபடி பிடித்தார். சொல்லவில்லை. இதைத்தான் எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன், இந்த ஊர், அடுத்த ஊர், மாவட்ட மாநாடு, பெட்டியின் சூட்டில் என் கால் மயிர் பொசுங்கிய நாற்றத்தைச் சொல்லும்போது கூட்டம் அப்படியே உறைந்துபோகும், கைதட்டலுக்கு எத்தனை நொடி இடைவெளி விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். மேடையில் கதை அந்த இடத்தில் முடிந்துவிடும். கீச். "இரண்டாம் அளவு, ஐம்பது. உணரவில்லை." அவள் குரல் உடைகிறது, அவளுடைய கருவி, அவளுடைய வருஷம்.

அந்த இடத்தில் முடியவில்லை. முடிந்ததாக நான் எழுதினேன், நானே எழுதி, நானே பிழை திருத்தி, கீழே வேறு ஒருவர் பெயரைப் போட்டு அச்சுக்குக் கொடுத்தேன். என் காலில் தழும்பு விழக் கூடாது என்பதில் இன்ஸ்பெக்டர் கவனமாக இருந்தார், எனக்குச் சங்கத்து வக்கீல் இருந்தார், தழும்பைக் கோர்ட்டில் காட்டுவேன். அந்த அறையில் வக்கீல் இல்லாத ஒருவன் இருந்தான். தோல் ஷாப்பில் டிரம் சுழற்றுகிறவன். பிரசுரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனதற்காகப் பிடித்து வந்திருந்தார்கள், அதில் என்ன எழுதியிருந்தது என்று கூட அவனுக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "நீ சொல்ல மாட்ட. நீ பெரிய ஆளு. நீ சொல்ற வரைக்கும் இவனுக்கு," என்றார். பெட்டியை அவன் புறங்காலில் வைத்தார். வைத்தார் என்று எழுதுகிறேன், சட்டையில் வைப்பது போல, மடிப்பைப் பார்த்து, கொஞ்சம் முன்னால் தள்ளி. அவன் கத்தவில்லை முதலில், அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது, தன் காலையே பார்த்தான். அப்புறம் கத்தினான். சுடுது சாமி, சுடுது சாமி. "உன்னைக் கேக்கலடா," என்றார் இன்ஸ்பெக்டர், "அவரு சொல்லணும்." அவன் என் பக்கம் திரும்பினான். "சொல்லிடுண்ணே. ஒரு வார்த்தைதாண்ணே. சொல்லிடுண்ணே." பெட்டி எத்தனை முறை போய் வந்தது, ஆறு, ஏழு, அவன் என்னை அண்ணே என்பதை விட்டு ஐயா என்றான், ஐயாவை விட்டுச் சாமி என்றான், கடைசியில் அம்மா என்று மட்டும். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை. அச்சகத்தின் பெயரைக் கேட்டிருந்தால் காரணம் உண்டு, அச்சுக் கோர்க்கிறவரைக் காப்பாற்றினேன் என்று சொல்லலாம். அவர் கேட்டது எதையும் காட்டிக்கொடுக்காத ஒரு வார்த்தை. உண்மையும் கூட. பெட்டி சுட்டது. என் வாய் அப்போது என்னுடையதாக இல்லை, அது பிரசுரத்தினுடையதாக இருந்தது, இந்த நிமிஷத்தை எப்படி எழுதுவது என்று எனக்குள் ஒருவன் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தான், ஒரு சொல் உதிர்க்காத, உதிர்க்காதவா உதிராதவா என்று. சட்டை காய்ந்திருந்தது. இன்ஸ்பெக்டர் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவன் கால் அழுகி, முழங்காலுக்குக் கீழே எடுத்து, அப்படியும் ஏறி, பதினோரு மாதத்தில் போய்ச் சேர்ந்தான். அவன் அம்மா சங்க அலுவலகத்துக்கு வந்தாள், பிரசுரத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு. அவளுக்கு எழுத்துத் தெரியாது. "எல்லாம் சொல்றாங்க, இதுல போட்டிருக்குதாமே. எம் புள்ள பேரு எங்கப்பா கீது?" நான் விரலை வைத்துக் காட்டினேன். பூபாலன் என்று இருந்த இடத்தில். அவள் அதைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இதை நான் எங்கேயும் சொன்னதில்லை, எனக்கே சொன்னதில்லை, பக்கத்தில் வரும்போதெல்லாம் ஒரு கோஷத்தைப் போட்டு மூடிவிடுவேன். இப்போது இந்தப் பெண்ணிடம் சுடுது என்று சொன்னால், அது சொல்லக் கூடிய வார்த்தைதான் என்று ஆகிவிடும். அன்றைக்கும் சொல்லியிருக்கக் கூடிய வார்த்தை என்று.

"கொஞ்சம் இருங்கம்மா," என்கிறாள் அமுலு. தரையைப் பார்த்துப் பார்த்து, கால் எங்கே விழுகிறது என்று கண்ணால் அளந்து அளந்து நடந்து வருகிறாள், அப்படித்தான் அவளால் நடக்க முடியும். என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் குந்திக்கொள்கிறாள். "அண்ணே. இன்னா பண்றே நீ?" ஒன்றும் பண்ணவில்லை என்கிறேன். "உன் கட்டைவிரலு மடங்குச்சு. நான் பார்த்துக்கினேதான் இருந்தேன். ரெண்டு தபாவும் மடங்குச்சு. எனுக்கு மடங்காதுண்ணே, நெருப்பை வச்சாலும் மடங்காது. உனுக்குச் சுடுது." குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். "யாருகிட்ட ரோஷம் காட்டுற? அந்த மேனேஜர்கிட்டயா? அவனுக்கு நீ கம்முனு இருந்தா கொண்டாட்டம். சுடுதுன்னு சொல்ல எனுக்கு வாய் இருக்குது, காலு இல்ல. உனுக்குக் காலு இருக்குது. சொல்லித் தொலையேண்ணே." அவள் கையை ஊன்றி எழுந்திருக்கிறாள், ஊன்றிய கை மேஜையின் கூரான விளிம்பில் அறுபடுகிறது, ரத்தம் வருகிறது, அவளுக்குத் தெரியவில்லை, பேசிக்கொண்டே போய் உட்கார்ந்து, புடவையில் சிவப்பைப் பார்த்த பிறகுதான் கையைத் திருப்பிப் பார்க்கிறாள். "த்தூ, இது வேற," என்று முந்தானையில் சுற்றிக்கொள்கிறாள். ஹரீஷ்வரன் ஓடிப் பஞ்சு எடுத்துக் கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குத் திரும்புகிறான். வரதராஜுலு ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறான். டிக். மூன்றாவது முறை. கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறேன். ஈ வருகிறது. இது ஈதானா, இன்னும் ஈதானா, இல்லை. வாக்கியம் வருகிறது, மூன்று நாள் சித்திரவதையிலும், அதற்கு முன்னால் நான் போய்விட வேண்டும், அது வாயை அடைப்பதற்கு முன்னால், தொண்டையில் நாற்பத்திரண்டு வருஷத்துக் கோழை மாதிரி ஏதோ புரள்கிறது, கட்டைவிரல் மடங்குகிறது, அமுலு கட்டைவிரலைப் பார்க்கிறாள். "சுடுது!" ஊர்வலத்தில் போடுகிற கோஷத்தின் குரல் அது, எனக்கு வேறு குரல் இல்லை, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, தஸ்லீமா பயந்துபோய்க் கருவியை நழுவவிட்டுப் பிடிக்கிறாள். "சுடுது. சுடுது. சுடுதும்மா, எடு." அவள் எடுத்துவிட்டாள், நான்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "முப்பத்தெட்டு புள்ளி நாலு," என்கிறான் ஹரீஷ்வரன். ஐந்து பேரில் எல்லோருக்கும் முந்தியது என்னுடையதுதான். எவ்வளவு சீக்கிரம் சுடுகிறது எனக்கு. எவ்வளவு மெல்லிய தோல்.

"சந்தோஷம்," என்கிறான் வரதராஜுலு. "மூணு அளவு எடுத்தாச்சு. சராசரி போடுங்க. ஐம்பது, ஐம்பது, முப்பத்தெட்டு. விதி அதுதானே." அவன் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்தால் தொண்ணூற்றிரண்டிலேயே லாரியை விட்டு இறங்கியிருப்பான், கல்லடி பட்டிருப்பான். தஸ்லீமா சொல்கிறாள், முதல் இரண்டும் தப்பு மேடம், ஐயாவே இப்போ ஒத்துக்குவாங்க. "பிடிக்காத நம்பரைத் தூக்கிப் போடறதுக்கு இது உங்க காலேஜ் பரீட்சை இல்லம்மா," என்கிறான் வரதராஜுலு. தொழிலாளர் அலுவலகத்து அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். "காரணம் இல்லாம ரெண்டு அளவை அடிக்க முடியாது. அடிச்சா நாளைக்கு இவங்க அப்பீலுக்குப் போவாங்க, மொத்த ரிப்போர்ட்டும் செல்லாமப் போயிடும். ஐயா, நீங்க சொல்லுங்க. சூடு தெரிஞ்சும் சொல்லலையா?" தெரிந்தது. "அப்போ ஏன் சொல்லல?" எழுந்து நிற்கிறேன், பழக்கம், பேச வேண்டுமென்றால் நான் நிற்க வேண்டும். ஒடுக்கப்பட்ட வர்க்கத்தின் மௌனம் என்பது, என்று தொடங்குகிறேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். "ஐயா, அது பிரசங்கம். எனக்குக் காரணம் வேணும். ஒரு வரியில, பத்திரத்துல எழுதற மாதிரி." ஒரு வரியில். என் வாழ்நாளில் நான் எழுதிய வரிகளைக் கோர்த்தால் இந்த ஊரை ஏழு சுற்றுச் சுற்றும், அதில் ஒரு வரி கூட இப்போது கைக்கு வரவில்லை. உட்கார்ந்து காலை மறுபடி ஸ்டூலில் வைக்கிறேன். காலைப் பார்த்துக்கொண்டு, வரதராஜுலு கேட்கிறான் என்று தெரிந்தே, அமுலு கேட்கிறாள் என்று தெரிந்தே, பெட்டியைச் சொல்கிறேன். விரல்கடையைச் சொல்கிறேன். அடுத்து அது யார் காலில் வைக்கப்பட்டது என்று சொல்கிறேன், ஆறா ஏழா என்று நினைவில்லை என்று சொல்கிறேன், அவன் என்ன கேட்டான், நான் என்ன செய்யவில்லை. இடைவெளி விடவில்லை எங்கேயும். அவன் அம்மாவுக்கு விரல் வைத்துக் காட்டியதைச் சொல்லும்போது அமுலு "அட பாவி" என்கிறாள், மெதுவாக, என்னைத்தான். சொல்லட்டும். ஹரீஷ்வரன் தன் முழங்கைத் தழும்பைச் சட்டைக் கையால் மூடிக்கொள்கிறான். வரதராஜுலு முதல் முறையாகப் பல்லை மூடியிருக்கிறான், மனசு இளகி அல்ல, இதற்கு என்ன ஆட்சேபம் எழுப்புவது என்று தெரியாமல்.

பேனா காகிதத்தில் நகர்கிற சத்தம். சிறிய கையெழுத்து, நேரமாகிறது. "அவரு பேரு?" என்கிறார் நிமிராமல். பெயர் சொல்லாதவன் என்பதுதான் என் பெயர் இந்த ஊரில். எந்தக் கொட்டடியிலும் எந்த விசாரணையிலும் யார் பெயரையும் நான் சொன்னதில்லை, அவன் செத்த பிறகு தாசில்தார் விசாரித்தபோதும் எனக்குத் தெரியாது என்றேன், கட்சிக்குச் சிக்கல் வரும் என்று யாரோ சொன்னார்கள், யாரும் சொல்லாவிட்டாலும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். சொல்கிறேன். தகப்பன் பெயர் கேட்கிறார். தெரியாது, தாய் பெயர்தான் தெரியும். "பரவால்ல, தாய் பேரே போட்டுக்கறேன்." எழுதி முடித்து, தாளை இரண்டு கையாலும் பிடித்து, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்கிறார். "ரெண்டு தரப்பும் கேட்டுக்குங்க. கேட்டுட்டுக் கையெழுத்துப் போடணும்." பூக்கடைக்காரர் எழுந்து நிற்கிறார், ஏன் என்று தெரியாமல் தபால்காரரும், ஆசிரியைகளும், பிறகு பிள்ளைகள், முந்தானையால் சுற்றிய கையோடு அமுலு, சுவரோரம் ஏற்கெனவே நிற்கிறவன் இன்னும் கொஞ்சம் நேராக. நான் காலை ஸ்டூலிலிருந்து இறக்குகிறேன். "நார்மல் ஐந்து, நா. பூபாலன், வயது அறுபத்தெட்டு, வலது புறங்கால். முதல் இரண்டு அளவுகள் நீக்கப்படுகின்றன. மூன்றாம் அளவு, முப்பத்தெட்டு புள்ளி நான்கு, ஏற்கப்படுகிறது. காரணம், மேற்படி நபர் சூட்டை உணர்ந்தும் சொல்லவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில் காவலில் இருந்தபோதும் அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாததால் அவர் எதிரில் சூடு வைக்கப்பட்டு, அதனால் இறந்துபோனவர் பெயர், சொக்கம்மாள் மகன் துரைக்கண்ணு."